பழைய ஸ்கேனைத் தொலைச்சிடாதீங்க

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு காணொளி சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் நெஞ்சு ஸ்கேன் ஒன்றைக் கணினியில் ஏற்றுகிறார். திரையில் சிவப்பு வட்டம் ஒன்று வருகிறது. உடனே "இவருக்கு இந்த மருந்து வேலை செய்யாது" என்று கணினி தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. நுரையீரல் புற்றுநோய்க்கு இனிமேல் ஊசி குத்தித் தசை எடுக்கவும் வேண்டாம், கீமோ போட்டுவிட்டு மாசக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் முழங்குகிறது.

அதை எனக்கு அனுப்பியவர் என் தாய்மாமா. புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கே நுரையீரலில் புற்றுநோய், வைத்தியம் நடக்கிறது. காணொளிக்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "மாப்ள, எனக்கும் இப்படிப் பாத்துச் சொல்லுவாங்களா?"

நான் வைத்தியர் இல்லை. கண்டியில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கிறவன். மாமாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததில் பாதி கணக்காகவே இருந்ததால் பிடித்துப்போய்விட்டது. இந்தப் பதிவு அதன் சுருக்கம்.

முதலில் நேரடியான பதில். வைத்தியம் தொடங்குமுன் எடுத்த ஒரேயொரு ஸ்கேனைப் பார்த்து மருந்து கேட்குமா கேட்காதா என்று நம்பிச் சொல்ல இன்றைக்கு முடியாது. ஆனால் அடுத்தடுத்து எடுத்த ஸ்கேன்களை ஒழுங்காக ஒப்பிட்டால், முன்பு தெரியாத நிறைய விஷயங்கள் தெரிகின்றன. காணொளி இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டது. கண்டியில் வைத்தியம் பார்க்கிற எங்களைப் போன்ற குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான்.

உருண்டையில் தொடங்கிய கணக்கு

மருந்து கேட்கிறதா என்று வைத்தியர்கள் இன்று எப்படிப் பார்க்கிறார்கள்? அளந்துதான். ஸ்கேனில் கட்டியின் மிக நீளமான விட்டத்தைக் கோடு போட்டு அளக்கிறார்கள். சில மாதம் கழித்துத் திரும்ப எடுத்து அதே கட்டியைத் திரும்ப அளக்கிறார்கள்.

எவ்வளவு குறைந்தால் "குறைந்துவிட்டது" என்று ஒத்துக்கொள்வது? இந்தக் கேள்விக்குப் பின்னால் ரசமான ஒரு சோதனை இருக்கிறது. 1976இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மோர்டெல், ஹான்லி என்ற இருவர் 12 உருண்டைகளை மெத்தைமேல் அடுக்கி, மேலே ரப்பர் நுரையைப் போர்த்தினார்கள். அனுபவமுள்ள 16 புற்றுநோய் வைத்தியர்களை அழைத்துத் தடவிப் பார்த்து அளக்கச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் கட்டியைக் கையால்தான் அளந்தார்கள். ஒரே உருண்டைக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவு சொன்னார்கள். ஒரே ஆள் இரண்டு தடவை அளந்தபோதும் வித்தியாசம் வந்தது. ஆகவே சின்ன மாற்றத்தை நம்ப முடியாது, பாதியாகக் குறைந்தால்தான் குறைந்தது என்று எடுக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலும் அந்தப் பாதியை எடுத்துக்கொண்டது. அங்கே கணக்கிட்டது நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வரும் எண்ணை.

2000ஆம் ஆண்டு ரெசிஸ்ட் என்ற புதிய அளவுகோல் வந்தது, 2009இல் திருத்தப்பட்டது. இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருப்பது அதுதான். அதில் விட்டம் மட்டும் கணக்கு. விட்டங்களின் கூட்டுத்தொகை 30 வீதம் குறைந்தால் மருந்து ஓரளவு கேட்டிருக்கிறது. 20 வீதம் கூடி, அந்தக் கூடுதல் ஆகக் குறைந்தது 5 மில்லிமீற்றராகவும் இருந்தால் நோய் முன்னேறியிருக்கிறது. இடைப்பட்டதெல்லாம் "அப்படியே இருக்கிறது" என்ற பெட்டிக்குள் போகும்.

என் வகுப்புப் பிள்ளைகள் இந்த 30 எங்கிருந்து வந்தது என்று உடனே கண்டுபிடிப்பார்கள். விட்டம் 0.7 ஆனால் பரப்பு 0.7 × 0.7 = 0.49. அதே பழைய பாதிதான். உருண்டைச் சோதனையின் பாதி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. இன்னொரு பெருக்கல் போட்டால் 0.343. அதாவது ரிப்போர்ட்டில் 30 வீதம் என்று எழுதியிருக்கும்போது, உருண்டையான கட்டி ஒன்றின் கனவளவில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மறுபக்கம், விட்டம் 20 வீதம் கூடினால் கனவளவு 73 வீதம் கூடியிருக்கும். ரிப்போர்ட்டில் சின்னதாகத் தெரிகிற எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

பெரிய மருந்துச் சோதனைகளும் இதே கோலைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, இப்போது அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் இருக்கும் சுரேஷ் ராமலிங்கம் 2024இல் லாரா என்ற சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். ஈஜிஎப்ஆர் மரபணு மாற்றம் உள்ள, அறுவைச் சிகிச்சை செய்ய முடியாத மூன்றாம் நிலை நுரையீரல் புற்றுநோய்க்காரர்கள் அதில் சேர்ந்தார்கள். கீமோவும் கதிர்வீச்சும் முடிந்த பிறகு ஓசிமெர்டினிப் மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் முன்னேறாமல் இருந்த இடைநிலைக் காலம் 39.1 மாதங்கள். மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 5.6 மாதங்கள். நோய் முன்னேறியதா இல்லையா என்று தீர்ப்புச் சொன்னது அடுத்தடுத்து எடுத்த ஸ்கேன்கள்.

விட்டம் சொல்லாத கதைகள்

ஆனால் விட்டம் பல சமயம் ஏமாற்றும். நுரையீரலில் அது இன்னும் அதிகம்.

சில மருந்துகளுக்குக் கட்டி வெளியே சுருங்காது. உள்ளே செத்துக் குழியாகிவிடும். கோடு போட்டு அளந்தால் பழைய அளவுதான் வரும். கதிர்வீச்சு, அதாவது எங்கள் ஆட்கள் சொல்கிற "கரண்ட்", பிடித்த இடத்தில் சில மாதங்களில் அழற்சியும் பிறகு தழும்பும் வரும். ஸ்கேனில் அது வெள்ளையாகப் படர்ந்திருக்கும், கட்டி எங்கே முடிகிறது தழும்பு எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பது நிபுணருக்கே சிரமம். மலைநாட்டில் பழைய சயரோகத் தழும்போடு வாழ்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அந்தத் தழும்பு போன வருஷமும் அதே இடத்தில் அப்படியே இருந்ததா என்று பார்த்தால்தான் அது தழும்பு என்று நம்பிக்கையாகச் சொல்லலாம்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி மருந்துகள் வந்த பிறகு இன்னொரு சிக்கல் சேர்ந்தது. சிலருக்கு எதிர்ப்புக் கலங்கள் கட்டிக்குள் கூட்டமாகப் புகுவதால் கட்டி முதலில் பெருத்து, பிறகு சுருங்கும். நுரையீரல் புற்றுநோயில் இது அபூர்வம்தான், நூற்றுக்குச் சிலருக்கே நடக்கும். ஆனாலும் அந்தச் சிலருக்கு நல்ல மருந்தை நிறுத்திவிடக் கூடாதே? அதற்காக 2017இல் ஐரெசிஸ்ட் என்ற திருத்தம் வந்தது. முதல் தடவை பெருத்திருந்தால் அதை "இன்னும் உறுதியாகவில்லை" என்று எழுதி, நோயாளி தெம்பாக இருந்தால் 4 முதல் 8 கிழமைக்குள் திரும்ப ஸ்கேன் எடுத்து உறுதிசெய்யச் சொல்கிறது.

அளவில் மாற்றம் தெரிவதற்கு முன்பே உள்ளே என்ன நடக்கிறது என்று படத்தைக் கொண்டு கண்டுபிடிக்க முடியுமா என்று ஆட்கள் தேடத் தொடங்கியது இந்தச் சிக்கல்களால்தான்.

சண்முகத்தின் அட்டவணை

சி.டி. ஸ்கேன் என்பது அடிப்படையில் எண்களின் அட்டவணை. ஒவ்வொரு வெட்டுப் படத்திலும் பொதுவாக 512 வரிசை, 512 நிரல். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த இடம் எவ்வளவு அடர்த்தி என்று ஓர் எண். தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000. சி.டி. யந்திரத்தைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில்தான் அந்த அலகு. நம் கையில் தருகிற கறுப்பு வெள்ளை பிலிம், அந்த எண்களில் ஒரு பகுதியை மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி நிறம் பூசிக் காட்டுவது.

ஒரே அளவுள்ள இரண்டு கட்டிகளில் ஒன்று உள்ளே சீராக இருக்கும், மற்றது திட்டுத்திட்டாக இருக்கும். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் எந்த எண்ணும் எந்த எண்ணும் எத்தனை தடவை சேர்ந்து வருகின்றன என்று எண்ணி இன்னொரு அட்டவணை போட்டால், இந்தத் திட்டுத்தன்மையையும் எண்ணாக மாற்றலாம். இந்த முறையை 1973இல் எழுதியவர்கள் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர்: ஹராலிக், கே. சண்முகம், டின்ஸ்டீன். பெயர்ப் பட்டியலைப் பார்த்ததும் "நம்ம சண்முகமா!" என்று ஒரு கணம் நின்றுவிட்டேன். அவர்கள் அன்று பார்த்தது நுரையீரலை அல்ல. மணற்கல்லின் நுணுக்குக்காட்டிப் படங்களையும், வான்படங்களையும், செய்மதிப் படங்களையும். புல்வெளி எது, நகரம் எது என்று கணினி பிரிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

நாற்பது வருஷம் கழித்து அதே கணக்கு கட்டிக்கு வந்தது. ஸ்கேனிலிருந்து இப்படி நூற்றுக்கணக்கான எண்களை இழுத்தெடுக்கும் துறைக்கு ரேடியோமிக்ஸ் என்று பெயர். 2012இல் நெதர்லாந்தின் பிலிப் லம்பின் குழுவினர் அந்தப் பெயரில் எழுதிய கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது. 2014இல் ஹியூகோ ஆர்ட்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் நுரையீரல், தலை, கழுத்துப் புற்றுநோய்க்காரர்கள் 1019 பேரின் ஸ்கேன்களில் 440 எண்களைக் கணக்கிட்டார்கள். அதில் நாலே நாலு எண்களைச் சேர்த்தால் யார் நீண்ட காலம் இருப்பார்கள் என்று ஓரளவு கணிக்கலாம் என்று காட்டினார்கள். துறையே பொங்கியெழுந்தது.

2019இல் ரொறன்ரோவிலிருந்து மத்தேயா வெல்ச் என்பவரும் சகாக்களும் அந்தக் கணிப்பைப் பிரித்துப் பார்த்தார்கள். கட்டிக்குள் இருக்கும் எண்களைக் கலைத்துக் கண்டபடி இடம் மாற்றிப் போட்டார்கள். திட்டுத்தன்மை எல்லாம் அழிந்துபோயிற்று. ஆனால் கணிப்பு கிட்டத்தட்ட அதேபோல் வேலை செய்தது! காரணம், அந்த எண்கள் பெரும்பாலும் கட்டியின் கனவளவையே வேறு வேஷத்தில் சொல்லிக்கொண்டிருந்தன. பெரிய கட்டி உள்ளவர் கஷ்டப்படுவார் என்று சொல்ல 440 எண் எதற்கு?

இதை ரேடியோமிக்ஸைக் கிண்டலடிப்பதற்காகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தத் துறை ஒழுங்குக்கு வந்தது. 2020இல் பல நாட்டுக் குழுக்கள் சேர்ந்து 169 எண்களை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று ஒரே வரையறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் "கணினி படத்தைப் பார்த்து ரகசியம் சொல்லிவிட்டது" என்று யாராவது வந்தால், அந்த ரகசியம் கட்டியின் அளவைத் தாண்டி ஏதாவது சொல்கிறதா என்று கேளுங்கள்.

0.58 முதல் 0.74 வரை

இனி, மாமாவின் கேள்விக்கு நேரே பதில் சொல்கிற ஆய்வு. 2019இல் யிவென் ஷூவும் ஆர்ட்ஸும் மற்றவர்களும் வெளியிட்டது. மூன்றாம் நிலை நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோவும் கதிர்வீச்சும் பெற்ற 179 பேரின் 581 ஸ்கேன்களை எடுத்துக்கொண்டார்கள். வைத்தியத்துக்கு முன் ஒன்று, வைத்தியத்துக்குப் பின் 1, 3, 6 மாதங்களில் எடுத்தவை. ஸ்கேன்களை வரிசையாகப் பார்த்து மாற்றத்தைக் கற்றுக்கொள்ளும் ஒரு செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்கு அவற்றைக் கொடுத்து, இரண்டு வருஷம் தாண்டுவார்களா என்று கணிக்க விட்டார்கள்.

முதல் ஸ்கேன் மட்டும்: 0.58. அடுத்ததையும் சேர்த்தபோது: 0.64. பிறகு 0.69. நாலையும் சேர்த்தபோது: 0.74.

இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? இரண்டு வருஷம் தாண்டியவர் ஒருவரையும் தாண்டாதவர் ஒருவரையும் சேர்த்து நிறுத்தி, யார் தாண்டியவர் என்று மென்பொருளிடம் கேட்கிறோம் என்று வையுங்கள். இப்படி நூறு சோடி. கண்ணை மூடிக்கொண்டு நாணயம் சுண்டினாலே 50 சரியாக வரும். முதல் ஸ்கேனை மட்டும் பார்த்த மென்பொருள் 58 சோடியில் சரியாகச் சொன்னது. நாணயத்தைவிட எட்டு கூட, அவ்வளவுதான். நாலு ஸ்கேனையும் பார்த்தபோது 74.

கணக்கு வாத்தியாராக இரண்டு எச்சரிக்கை போடாமல் விட முடியாது. ஆறு மாதம் போன பிறகு யார் தேறுகிறார், யார் தளர்கிறார் என்பது ஸ்கேன் இல்லாமலே ஓரளவு தெரியும், அதனால் எண் ஏறியதில் காலத்தின் பங்கும் உண்டு. மற்றது, 74 என்றால் 26 சோடியில் பிழை. ஒரு தனி ஆளுக்கு மருந்தை நிறுத்தவோ மாற்றவோ அதை மட்டும் நம்ப முடியாது.

இதை மாமாவிடம் தொலைபேசியில் விளக்கினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அப்போ கவ்வாத்து மலை மாதிரிதானே மாப்ள" என்றார். "வெட்டின மலையில ஒரு நாள் கொழுந்து நிறுவைய வச்சு, மலை தேறுதா இல்லையான்னு சொல்ல ஏலாது. நாலஞ்சு ரவுண்டு எடுத்த கணக்கு கையில இருக்கணும். எந்தக் கணக்கப்பிள்ளையக் கேட்டாலும் சொல்லுவான்." நான் அரை மணித்தியாலம் விளக்கியதை அவர் நாலு வரியில் முடித்துவிட்டார்.

மகரகமவும் சீனிக் கணக்கும்

மாதக்கணக்கில் காத்திருக்காமல் சீக்கிரமே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அது பெட் ஸ்கேன். புற்றுநோய்க் கலங்கள் குளுக்கோசை வெறியோடு தின்னும். கதிர்வீச்சு வீசுகிற அணு ஒட்டிய குளுக்கோசு போன்ற பொருளை ஊசியில் ஏற்றினால், அது அந்த இடங்களில் போய்ச் சேர்ந்து ஒளிரும். மருந்து கேட்டால் கட்டி சுருங்குவதற்கு முன்பே அதன் தீனி குறைந்துவிடும்.

2003இல் ஜெர்மனியிலிருந்து வேபர் என்பவரின் குழு இதைப் பரீட்சித்தது. முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்கள் 57 பேருக்குக் கீமோவுக்கு முன் ஒரு பெட் ஸ்கேன், முதல் சுற்று முடிந்ததும் இன்னொன்று. தீனி போதிய அளவு குறைந்தவர்களில் 44 வீதமானோர் ஒரு வருஷம் தாண்டினார்கள். குறையாதவர்களில் 10 வீதம்தான். சின்ன ஆய்வுதான். ஆனால் இங்கேயும் பாருங்கள், பலன் வந்தது இரண்டு ஸ்கேன்களை ஒப்பிட்டதால்.

எங்கள் நாட்டில் மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையின் பெட் ஸ்கேனரின் கதை பலருக்குத் தெரியும். 2016இல் கதீஜா பவுண்டேஷன் முன்னின்று பொதுமக்களிடம் பணம் திரட்டியது. சாதி மதம் பார்க்காமல் நாடு முழுக்க ஆட்கள் கொடுத்தார்கள். "மகரகம" என்ற ஊர்ப் பெயரையே மெதுவாகச் சொல்கிற எங்கள் தோட்டங்களிலிருந்தும் பணம் போனது.

பெட் ஸ்கேனுக்கு ஏற்றுகிற அந்த ஊசிமருந்தில் ஒரு தொல்லை உண்டு. ஒவ்வொரு 110 நிமிஷத்துக்கும் அதன் வீரியம் பாதியாகிவிடும். கொழும்பிலிருந்து கண்டிக்கு வாகன நெரிசலோடு மூன்று மணித்தியாலம் என்று வைத்தால், வந்து சேரும்போது மூன்றில் ஒரு பங்குகூட மிச்சமிருக்காது. மருந்தை ஸ்டோரில் வாங்கி அடுக்கிவைக்கிற பேச்சுக்கே இடமில்லை. இதனால்தான் எல்லா ஊரிலும் சுலபமாக பெட் யந்திரம் நிறுவ முடிவதில்லை.

அதோடு, சீனி வருத்தக்காரர்கள் கவனிக்க வேண்டும். இரத்தத்தில் சீனி கூடியிருந்தால் கட்டி ஊசிமருந்தை எடுப்பது குறைந்து, படம் பிழையாகத் தெரியலாம். சயரோகமும் பெட் ஸ்கேனில் ஒளிரும். புற்றுநோய் என்று நினைத்தது சயரோகமாக இருந்த கதைகளும் உண்டு, மறுபக்கமும் உண்டு.

"ஹுஸ்ம கன்ன"

ஸ்கேன்களை ஒப்பிடுவது என்றால், இரண்டு தடவையும் ஒரே மாதிரி எடுத்திருக்க வேண்டும். 2009இல் நியூயோர்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையத்தார் 32 நுரையீரல் புற்றுநோய்க்காரர்களை ஸ்கேன் எடுத்து, எழுப்பி, 15 நிமிஷத்துக்குள் திரும்பப் படுக்க வைத்து இன்னொன்று எடுத்தார்கள். பதினைந்து நிமிஷத்தில் எந்தக் கட்டியும் வளராது. ஆனாலும் விட்டத்தில் 7 வீதம் வரை கூடியும் குறைந்தும் அளவு வந்தது. உருண்டைச் சோதனை முடிந்து 33 வருஷம் கழித்து, கையிலிருந்து கணினிக்கு மாறிய பிறகும் அளவுப் பிழை நம்மை விடவில்லை.

ஒரே கட்டியை ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில் வெட்டினால் ஒரு மாதிரி, ஐந்து மில்லிமீற்றரில் வெட்டினால் வேறு மாதிரி. நிறமருந்து ஏற்றி எடுத்தால் ஒரு எண், ஏற்றாமல் எடுத்தால் வேறு எண். யந்திரம் மாறினால், படத்தைக் கூர்மையாக்கும் முறை மாறினால், திட்டுத்தன்மைக் கணக்கும் மாறிவிடும்.

மூச்சும் அப்படித்தான். நெஞ்சு ஸ்கேனுக்கு மூச்சை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். பாதி மூச்சில் எடுத்தால் கட்டியின் இடமும் வடிவமும் மாறும், அசைந்தால் விளிம்பு மங்கும். எங்கள் பக்கத்தில் ஸ்கேன் அறைக்குள் போகிற ஆளுக்கு ஒலிபெருக்கியில் கேட்பது பல சமயம் "ஹுஸ்ம கன்ன, அல்லகென இன்ன" என்ற சிங்களம், இல்லையென்றால் யந்திரத்தின் ஆங்கிலக் குரல். லயத்திலிருந்து வந்த எழுபது வயது ஆத்தாவுக்கு அது என்ன விளங்கும்? யாரையும் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை, அங்கே வேலை செய்கிறவர்கள் நாள் முழுக்க வரிசையோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் நாங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. முதல் நாளே வீட்டில் சொல்லிக்கொடுத்துவிடலாம்: "ஹுஸ்ம கன்னன்னா மூச்ச நல்லா இழுங்க. அல்லகென இன்னன்னா விடாம புடிச்சிருங்க." மாமா சிங்களம் சரளமாகப் பேசுகிறவர், அவருக்குத் தேவைப்படவில்லை. அத்தைக்குத் தேவைப்படும்.

கையில் என்ன வைத்திருக்க வேண்டும்

ஹட்டன், கலஹா, தெல்தோட்டைப் பக்கங்களிலிருந்து கண்டி பெரியாஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் கையில் ஒரு பொலித்தீன் பை இருக்கும். அதில் கிளினிக் கொப்பி, மடித்த ரிப்போர்ட், மழையில் நனைந்து ஒட்டிப்போன பிலிம். அந்தப் பையில் இருக்க வேண்டியவற்றை இப்படி எழுதிவைத்திருக்கிறேன்.

வைத்தியம் தொடங்குமுன் எடுத்த ஸ்கேன் மிக முக்கியம். அது தொலைந்தால் பிறகு எடுக்கிற எல்லா ஸ்கேனுக்கும் ஒப்பிட ஆள் இல்லை. நோய் கண்டுபிடிக்குமுன் வேறு காரணத்துக்காக எடுத்த பழைய எக்ஸ்ரே இருந்தாலும் வைத்திருங்கள், பழைய தழும்பா புதுசா என்று அது சொல்லும்.

ரிப்போர்ட்டோடு நின்றுவிடாமல் இறுவட்டையும் கேட்டு வாங்குங்கள். எண்கள் முழுதாக இருப்பது அதில்தான். பிலிமில் இருப்பது தெரிவு செய்து அச்சிட்ட சில படங்கள். இறுவட்டு கீறல் விழும், வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி ஒரு பென்டிரைவிலும் இணையச் சேமிப்பிலும் பிரதி எடுத்து வையுங்கள்.

முடிந்த மட்டும் ஒரே இடத்தில் ஸ்கேன் எடுங்கள். இடம் மாறினால் முந்தைய இறுவட்டைக் கொண்டுபோய், "இதோடு ஒப்பிட்டுப் பாருங்க டொக்டர்" என்று கேளுங்கள். ஒப்பிட்டு எழுதிய ரிப்போர்ட்டுக்கும் தனியாக எழுதிய ரிப்போர்ட்டுக்கும் நிறைய வித்தியாசம்.

கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதிகளை எழுதுங்கள்: கீமோவின் ஒவ்வொரு சுற்றும், கரண்ட் தொடங்கிய, முடித்த நாட்களும், ஒவ்வொரு ஸ்கேனும். இடையில் காய்ச்சல், நெஞ்சுச்சளி வந்திருந்தால் அதையும். நியூமோனியாவின் நிழலைக் கட்டி வளர்ந்ததாக யாரும் எண்ணிவிடக் கூடாது.

ஒரு ஸ்கேனில் கூடியிருக்கிறது என்றதும் மருந்தை விட்டுவிட்டுக் கைமருந்துக்காரரிடம் ஓடாதீர்கள். அடுத்த ஸ்கேனை எப்போது எடுக்கலாம் என்று வைத்தியரிடமே கேளுங்கள். காணொளியைப் பார்த்து, ஏஐ கணிப்புக்கென்று தனியாகக் காசு கொட்டவும் வேண்டாம். இன்றைக்கு எந்த மருந்து என்று தீர்மானிப்பது ஊசி குத்தி எடுத்த தசையும், ஈஜிஎப்ஆர் போன்ற மரபணுச் சோதனைகளும், பீடி-எல்1 என்ற புரதத்தின் அளவும், நோயின் நிலையும், நோயாளியின் தெம்பும்தான். காசு இருந்தால் அந்தச் சோதனைகளில் விடுபட்டது ஏதும் உண்டா என்று கேட்டு, அதற்குச் செலவழியுங்கள்.

யந்திரத்தைவிட அலுமாரி

கடைசியாக, பேராதனைப் பல்கலைக்கழகப் பக்கம் இதை வாசிக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு.

ரேடியோமிக்ஸ் பழகுகிறவர்கள் எல்லாரும் இணையத்தில் தொடங்குவது நெதர்லாந்து மாஸ்ட்ரிக்டின் 422 நுரையீரல் புற்றுநோய்க்காரர்களின் ஸ்கேன் தொகுப்பில். யாரும் இலவசமாக எடுக்கலாம், நல்ல தொகுப்பு, பழகுங்கள். ஆனால் அதில் இருப்பது அந்த ஊர் நுரையீரல். சயரோகத் தழும்பும் விறகடுப்புப் புகையும் பார்த்த மலைநாட்டு நுரையீரலில் அதே மென்பொருள் எப்படி நடக்கும் என்பதை இங்கேதான் பரீட்சிக்க முடியும். மருத்துவ பீடமும் போதனா வைத்தியசாலையும் மகாவலிக்கு இந்தப் பக்கம், அக்பர் பாலத்தைத் தாண்டினால் பொறியியல் பீடம். இரண்டு பக்கமும் சேர்ந்து செய்ய இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை.

அதற்குத் தேவைப்படுவது விலையுயர்ந்த புது யந்திரம் என்று நான் நினைக்கவில்லை. ஒரே நோயாளியின் நாலு ஸ்கேனும் ஒரே இடத்தில், ஒரே இலக்கத்தின் கீழ், திறந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். நாட்டில் தனிநபர் சுகாதார இலக்கம் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. எந்த அரச வைத்தியசாலையில் எடுத்தாலும் படம் அந்த இலக்கத்தோடு போய்ச் சேர்ந்தால், ஹட்டனில் எடுத்ததைக் கண்டியிலும் கண்டியில் எடுத்ததை மகரகமவிலும் பார்க்கலாம். மென்பொருள் வந்தாலும் வராவிட்டாலும் நோயாளிக்கு அன்றே லாபம், பொலித்தீன் பை தொலைந்தாலும் வைத்தியம் தொலையாது.

புது ஸ்கேனர் திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட அமைச்சர்கள் வருவார்கள், படங்களைச் சேமிக்கிற சேர்வருக்கு ரிப்பன் வெட்டி நான் பார்த்ததில்லை. அடுத்த தடவை எங்கேயாவது ஸ்கேனருக்கு நிதி திரட்டுகிறார்கள் என்றால், நானும் கொடுப்பேன். கொடுக்கும்போது ஒரு கேள்வியும் கேட்பேன்: எடுக்கிற படத்தைப் பத்து வருஷத்துக்கு வைத்திருக்க எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? நீங்களும் கேளுங்கள்.